ஓய்வை முன்னிழுப்பதா, வேலையை மாற்றியமைப்பதா?

நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் வேண்டிய அளவு பணம் சேர்த்துவிட்டு, அதன்பின் சம்பளத்துக்காக எந்த வேலையும் செய்யாமல் வாழ்வது என்னும் திட்டம் இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளக்காரர்கள் பலரை, குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத் துறையினரை, ஈர்த்திருக்கிறது. ‘ஃபயர்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இக்கருத்து அமெரிக்காவில் உருவானது. விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் ஆகிய இருவரும் எழுதி 1992இல் வெளிவந்த ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ என்னும் நூலை அதன் தொடக்கங்களுள் முதன்மையானதாகக் கொள்ளலாம். பொருளாதாரத் தற்சார்பு, முன்கூட்டிய ஓய்வு என்ற இரண்டு இலக்குகள் ‘ஃபயர்’ கருத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. முன்னது, ஒருவர் தம் முதலாளியின் தயவை எதிர்பாராமல் சில காலமாவது வாழக்கூடிய நிலை; பின்னது, சம்பாதிப்பதை அடியோடு நிறுத்திவிடுவது. முன்னது எந்தக் குடும்பத்துக்கும் நன்மையே செய்யும். பின்னதற்காகச் செலுத்த வேண்டிய விலையோ பெரும்பாலோர் எண்ணுவதைவிட மிக அதிகம்; அந்த விலையில் கிடைப்பதும் அவர்கள் உண்மையில் விரும்பியதாக இருப்பதில்லை. வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று சொல்பவர்களுள் பலர், நெருங்கிக் கேட்டால், ஒரு குறிப்பிட்ட மேலாளரிடமிருந்தும், இரவு பத்து மணிக் கூட்டங்களிலிருந்தும், இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்திலிருந்தும் தப்பிக்கவே விரும்புகிறார்கள். இவ்வத்தியாயம் அவர்களுக்கான மாற்று வழியை, அதாவது மனத்துக்கு உகந்த பணியை நெகிழ்வான நேரத்தில் செய்து, ஓய்வை அதன் இயல்பான காலத்துக்கே விட்டுவைக்கும் வழியை, கணக்கோடும் நடைமுறையோடும் விளக்குகிறது.

இலக்குத் தொகையும் அதன் வரம்புகளும்

ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்துவிட்டால் ஓய்வு பெறலாம் என்ற விதி எல்லோர் வாயிலும் வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், 1926 முதலான அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன்பத்திர விவரங்களை ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓய்வு பெறும் முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 விழுக்காட்டை எடுத்து, பின்வரும் ஒவ்வோர் ஆண்டும் அத்தொகையை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும், பணம் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தீராது என்பது அவர் கண்ட முடிவு. 1998இல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் வேறொரு முறையில் கணக்கிட்டு ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். நூறை நான்கால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 25.

இந்த விதி 65 வயதில் ஓய்வு பெறும் அமெரிக்கருக்காக எழுந்தது என்பதை மறந்துவிடலாகாது. நாற்பதில் வேலையை விடும் ஒருவருக்குப் பணம் 30 ஆண்டுகளுக்கு அன்று, 45 அல்லது 50 ஆண்டுகளுக்குத் தேவைப்படும். இந்தியாவின் விலைவாசி உயர்வு அமெரிக்காவினுடையதைவிடப் பொதுவாக அதிகம். சென்செக்ஸ் குறியீட்டின் அடிப்படை ஆண்டே 1978-79 என்பதால், பெங்கனிடம் இருந்ததைப் போன்ற நெடுங்காலச் சந்தை வரலாறும் இங்கு இல்லை. ஆகவே இந்திய நிலையில் 25 மடங்கு என்பதை 33 மடங்காகவோ அதற்கும் மேலாகவோ உயர்த்திக்கொள்வதே பாதுகாப்பு.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஓய்வின் முதல் சில ஆண்டுகளிலேயே சந்தை விழுந்துவிட்டால், விழுந்த விலைக்கு விற்றுச் செலவழித்த பங்குகள் பின்னர் சந்தை எழும்போது கையில் இருப்பதில்லை. அதனால் நெடுங்காலச் சராசரி வருவாய் நன்றாக இருந்தும் சேமிப்பு கரைந்துபோகும். வருவாய் வரும் வரிசையால் நேரும் இழப்பு என்று இதைச் சொல்லலாம். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் 8,000 புள்ளிகளுக்கும் கீழே இறங்கியது. அந்த ஜனவரியில் சம்பளத்தை விட்டுவிட்டுப் பங்கு முதலீட்டை மட்டும் நம்பி இறங்கியவருக்கும், மாதம் முப்பதாயிரமாவது சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் முப்பதாயிரம் அன்று. பின்னவர் விழுந்த விலைக்கு விற்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதே முதன்மையான வேறுபாடு.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கு. மாதச் செலவு 60,000 ரூபாய் எனில் ஆண்டுச் செலவு 7,20,000 ரூபாய். அதன் 25 மடங்கு 1 கோடியே 80 லட்சம், 33 மடங்கு ஏறத்தாழ 2 கோடியே 38 லட்சம். இதே குடும்பத்தில் ஒருவர் விரும்பிச் செய்யும் பணியிலிருந்து மாதம் 40,000 ரூபாய் வருமாயின், சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது மாதம் 20,000 ரூபாய் மட்டுமே. அதன் 25 மடங்கு 60 லட்சம். வேறு விதமாகச் சொன்னால், தொடர்ந்து வரும் ஒவ்வொரு பத்தாயிரம் ரூபாய் மாத வருமானமும், அது வரும் காலம் வரையில், முப்பது லட்ச ரூபாய்ச் சேமிப்பின் வேலையைச் செய்கிறது. முப்பது லட்சம் சேர்ப்பதற்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்துவதன் மதிப்பு விளங்கும்.

அந்த வருமானம் என்றென்றும் வந்துகொண்டிருக்காது என்பது நியாயமான மறுப்பு. அறுபது வயதில் அது நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது இன்றைய விலைவாசியில் 1 கோடியே 80 லட்சம் கையில் இருக்க வேண்டும். வரியும் விலைவாசி உயர்வும் போக முதலீடு ஆண்டுக்கு 4 விழுக்காடு வளரும் என்று கொண்டால், நாற்பது வயதில் 82 லட்சம் இருந்து, அதைத் தொடாமல் விட்டுவிட்டாலே இருபது ஆண்டுகளில் அந்த அளவை எட்டிவிடும். வளர்ச்சி 3 விழுக்காடாகக் குறைந்தால் ஏறத்தாழ ஒரு கோடி வேண்டும். இம்முறையில் சேமிப்பு தானே வளர்ந்துகொண்டிருக்க, அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும். எதிர்காலத்துக்காகச் சேமிக்கும் கடமை முடிந்துவிடுகிறது. 82 லட்சத்தில் நிற்காமல் 1 கோடியே 80 லட்சம் வரை ஓடுவது என்று முடிவு செய்பவர், ஆண்டுக்கு 12 லட்சம் சேமிக்கும் வல்லமை உள்ளவராயினும், மேலும் ஆறு ஆண்டுகள் அதே வேலையில் இருக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருந்தால், அந்த ஆறு ஆண்டுகள் அவளது பத்திலிருந்து பதினாறு வரையிலான ஆண்டுகள்.

சம்பளம் தவிர வேலை தருவது

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்னும் ஊர் ஒரு நூற்பு, நெசவு ஆலையை நம்பியே இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் ஆகியோர் தம் குழுவினருடன் அங்கு சென்று, மக்களோடு பழகி, 1933இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டனர். நேரம் மிகுந்தால் மக்கள் அதிகம் படிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. மாறாக, ஊர் நூலகத்தில் எடுக்கப்படும் புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் ஒரு சன்னலருகே அமர்ந்து, தெருவில் போவோரின் நடை வேகத்தையும், அவர்கள் எத்தனை முறை நின்று நின்று போகிறார்கள் என்பதையும் குறித்தனர். ஆண்கள் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்கள் அப்படி நிற்கவில்லை, ஏனெனில் அவர்களுக்குச் சமையலும் துவைப்பும் பிள்ளைகளும் இருந்தன. ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, எழுந்தது, உண்டது, உறங்கியது தவிர வேறெதையும் நினைவுகூர ஆண்களுள் பலரால் இயலவில்லை.

மரியந்தால் மக்கள் வறுமையில் தள்ளப்பட்டவர்கள், தாமே விரும்பி வேலையை விட்டவர்கள் அல்லர். எனவே அவர்களையும் வங்கியில் கோடி ரூபாய் வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆயினும் யஹோடா பிற்காலத்தில் இந்த ஆய்விலிருந்து வடித்தெடுத்த கருத்து பணக்காரருக்கும் பொருந்துவதாகும். சம்பளம் வேலையின் வெளிப்படையான பயன். அதனுள் மறைந்திருக்கும் பயன்கள் வேறு ஐந்து என்றார் அவர். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனித உறவு, தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், உடலையும் மனத்தையும் இயங்க வைக்கும் செயல் ஆகியவையே அவை. முன்கூட்டியே ஓய்வு பெற எண்ணுபவர் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வேலையை விட்ட பிறகு ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைக்கும் என்று எதிரே குறித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ‘பயணம்’, ‘புத்தகம்’ என்ற இரண்டு சொற்களை மட்டுமே எழுத முடிந்தவர் இன்னும் தயாராகவில்லை என்பதே அதன் பொருள்.

அறிவாற்றல் பற்றிய ஆய்வு ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சூசன் ரோவெடர், ராபர்ட் வில்லிஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பாவின் பதினொரு நாடுகள் ஆகியவற்றில் அறுபதுகளின் தொடக்கத்தில் உள்ளவர்களின் நினைவாற்றலை ஒப்பிட்டனர். சொற்களைக் கேட்டு, உடனேயும் சிறிது நேரம் கழித்தும் திருப்பிச் சொல்வதே தேர்வு. ஓய்வூதியக் கொள்கையால் மக்கள் சீக்கிரம் ஓய்வு பெறும் நாடுகளில் மதிப்பெண் குறைவாகவும், நெடுநாள் பணியாற்றும் நாடுகளில் கூடுதலாகவும் இருந்தது. ஒரு சொல் தேர்வை வைத்து வாழ்க்கை முழுவதையும் அளந்துவிட முடியாது; எனினும் மூளைக்கு வேலை கொடுக்கும் சூழலைத் தானே உருவாக்கிக்கொள்ளாத ஓய்வு நல்லதன்று என்ற அளவில் இதை ஏற்கலாம்.

எது உகந்த பணி என்று கண்டறிதல்

‘பிடித்ததைச் செய்’ என்ற அறிவுரை எளிதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தமக்கு எது பிடிக்கும் என்பதைப் பதினைந்து ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருந்தவர்களால் உடனே சொல்ல முடிவதில்லை. புகைப்படம், சமையல், தோட்டம் என்று பொழுதுபோக்குகளின் பெயர்களைச் சொல்கிறார்கள். பொழுதுபோக்கைப் பிழைப்பாக்குவது பல நேரங்களில் அந்தப் பொழுதுபோக்கையே கசக்கச் செய்துவிடும். வார இறுதியில் விருப்பத்தோடு கேக் செய்பவர், நாளைக்கு மாலை ஐந்து மணிக்குள் பன்னிரண்டு கேக்குகளைப் பெட்டியில் அடுக்கியாக வேண்டும் என்ற நிலையில் அதே விருப்பத்தோடு இருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இதனினும் நம்பகமான வழி, இப்போதைய வேலைக்குள்ளேயே தேடுவது. நான்கு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு நாளும் செய்த வேலைகளைத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது உற்சாகம் தந்ததா, சோர்வு தந்ததா என்று குறிக்க வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருப்பவரின் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இவ்வாறு அமையலாம்: காலை 10 மணி நிலவரக் கூட்டம், சோர்வு, 11 முதல் 1 வரை ஒரு பிழையின் மூலத்தைத் துருவிக் கண்டுபிடித்தது, உற்சாகம், சாப்பாட்டு நேரம் தெரியவில்லை, 2 மணி எக்செல் அறிக்கை, சோர்வு, 4 மணி புதிதாகச் சேர்ந்த இருவருக்கு அந்தப் பிழையை விளக்கியது, உற்சாகம், இரவு 9.30 வெளிநாட்டு வாடிக்கையாளர் அழைப்பு, பெருஞ்சோர்வு. நான்கு வாரங்கள் கழித்து இப்பக்கங்களைப் புரட்டும் அவருக்கு, தாம் வெறுப்பது மென்பொருள் சோதனையை அன்று என்பதும், துருவுவதும் கற்பிப்பதும் தமக்கு உகந்தவை என்பதும் தெரியவரும். பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பதும், சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் சோதனை செய்து தருவதும் அவருக்குரிய வழிகள். உளவியலாளர்களான எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் மனிதனுக்கு அடிப்படையாக வேண்டியவை தன் முடிவின்படி செயல்படுதல், திறமையை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்று என்று வகுத்தனர். நோட்டில் உற்சாகம் என்று குறிக்கப்பட்ட இடங்களில் இம்மூன்றில் ஒன்றாவது இருப்பதைக் காணலாம்.

மெய்யான மணிக்கூலி

ராபினும் டொமிங்கஸும் கற்றுத்தந்த கணக்குகளுள் மிகவும் பயன்படக்கூடியது இது. கைக்கு வரும் சம்பளத்திலிருந்து, அந்த வேலையில் இருப்பதனாலேயே ஏற்படும் செலவுகளைக் கழித்து, மீதியை அந்த வேலைக்காகச் செலவாகும் எல்லா மணி நேரத்தாலும் வகுக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குச் சென்றுவரும் ஒருவர் மாதம் 1,20,000 ரூபாய் வாங்குகிறார் என்று கொள்வோமானால், 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்ற கணக்கில் அது மணிக்கு ஏறத்தாழ 606 ரூபாய். போக வர இரண்டரை மணி நேரம் வீதம் 55 மணி நேரமும், இரவு, வார இறுதி அழைப்புகளுக்கு 20 மணி நேரமும் சேர்த்தால் 198 மணி 273 ஆகிறது. வண்டிச் செலவு, வெளிச்சாப்பாடு, பிள்ளையைப் பள்ளிக்குப் பின் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டணம், இவற்றுக்கு 30,000 போனால் மீதி 90,000. மெய்யான மணிக்கூலி 330 ரூபாய்.

வீட்டிலிருந்து ஒப்பந்தப் பணி செய்து மாதம் 60,000 ஈட்டுபவரின் கணக்கையும் இதே கண்டிப்போடு போட வேண்டும். கூலி கிடைக்கும் 90 மணி நேரத்தோடு, வேலை தேடுவது, விலைப்பட்டியல் அனுப்புவது, பணத்துக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது என்று கூலியில்லாத 30 மணி நேரத்தைச் சேர்த்து, இணையம், மின்சாரச் செலவு 4,000 கழித்தால், மணிக்கு ஏறத்தாழ 467 ரூபாய். சம்பளம் பாதியாகிறது, மணிக்கூலி கூடுகிறது, 153 மணி நேரம் மிஞ்சுகிறது. அதே வேளையில், நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை ஆகியவற்றின் மதிப்பை முதல் கணக்கில் கூட்டாமல் விடுவது ஏமாற்று வேலை. மாதம் பத்தாயிரம் என்று அவற்றை மதிப்பிட்டால் 330 என்பது 366 ஆகும். சிலருடைய கணக்கில் இந்த ஒப்பீடு தலைகீழாகவும் முடியலாம். அவ்வாறு முடிந்தால் அவர் இருக்கும் வேலையிலேயே நேரத்தைக் குறைக்க முயல்வதே சரி.

நெகிழ்வு யாருடையது?

நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டு முதல், தொழிலாளி தம் பணி நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. நிறுவனம் தக்க காரணம் காட்டியே மறுக்க முடியும். பகுதிநேரப் பணியாளர் விகிதம் அந்நாட்டில் மிக உயர்ந்திருப்பதோடு, பகுதிநேரம் என்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணமும் அங்கு வலுவாக இல்லை. இந்தியாவில் அத்தகைய பொதுச் சட்ட உரிமை இல்லாமையால், இங்கு எல்லாம் பேசிப் பெற வேண்டியவையே. பேசுவதற்கு உகந்த வேளை, ஒருவர் தம் பிரிவில் இன்றியமையாதவராக இருக்கும் வேளை. சோர்ந்து, பணித்திறன் குறைந்து, மதிப்பீட்டில் பின்தங்கிய பிறகு கேட்பவருக்குக் கிடைப்பது அரிது. வாரம் நான்கு நாள், சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு, முதலில் மூன்று மாதச் சோதனை என்று எழுத்து வடிவில் முன்மொழிவதும், ஐந்தாம் நாளின் வேலை யாரிடம் போகும் என்பதை அதிலேயே குறிப்பிடுவதும் முக்கியம். பின்னதைச் செய்யாதவர்கள் நான்கு நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் செய்து களைத்துப்போகிறார்கள்.

நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் எல்லாப் பணிகளும் இங்குப் பேசப்படும் வகையைச் சேர்ந்தவை அல்ல. செயலி வழியாக உணவு கொண்டுசேர்ப்பவர் எப்போது வேண்டுமானாலும் உள்நுழையலாம் என்பது ஏட்டளவில் உண்மை. ஊக்கத்தொகை மதிய உணவு வேளையிலும் இரவிலும் மட்டுமே கூடும் என்றால், அவருடைய நேரத்தை நிர்ணயிப்பது அவர் அல்லர். நெகிழ்வு நிறுவனத்தின் பக்கம் இருந்தால் அதற்கு நிலையின்மை என்பதே பெயர். ஒரு பணி உண்மையில் நெகிழ்வானதா என்பதை அறிய, அடுத்த மாதம் ஒரு வாரம் வேலையே செய்யாவிட்டால் என்ன நேரும் என்ற கேள்வி போதும்.

தமிழ் எழுத்துலகில் இரு வேறு வழிகளைக் காணலாம். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பார்த்த வேலையை 1966இல் விட்டு, அதன்பின் எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபடியே கதையும் நாடகமும் அறிவியல் கட்டுரையும் எழுதிக் குவித்தார். இரண்டும் மதிக்கத்தக்க தேர்வுகள். உகந்த பணியின் வருமானம் குடும்பச் செலவில் பாதியைக்கூடத் தாங்காத நிலையில், பிள்ளைகள் சிறியவர்களாக உள்ளோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்று துணிந்து சொல்லலாம்.

வேலையை விடும் முன் முடிக்க வேண்டியவை

மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் முதலாவது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகப் பணியின் கடைசி நாளோடு முடிந்துவிடும். தனிக் காப்பீட்டில், முன்பே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் வேலையை விட எண்ணும் நாளுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே குடும்பக் காப்பீடு ஒன்றைத் தம் பெயரில் எடுத்துவிடுவது நல்லது. அப்போது குழுக் காப்பீடு இருக்கும்போதே காத்திருப்புக் காலம் கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்குச் சரக்கு, சேவை வரி நீக்கப்பட்டிருப்பது கூடுதல் வசதி.

பணிக்காலத்தின் எல்லைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணிக்கொடை என்பது நீண்ட பணிக்காக நிறுவனம் மொத்தமாகத் தரும் தொகை; நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த பணி வேண்டும், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது அளவு. நான்கரை ஆண்டில் விலகுவது அவசரப்படுவதாகும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணி தேவை. 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின்படி பத்து ஆண்டுக்கு அது மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய்தான் வரும் என்பதால், அதற்காக மட்டும் விருப்பமில்லாத வேலையில் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது தேவையற்றது. வருங்கால வைப்பு நிதியைத் தொடாமல் விட்டுவைக்கலாம். ஆனால் வேலையை விட்ட பிறகு அதில் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் கடன் வாங்குவதாக இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்வோரிடம் வங்கிகள் சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை வைப்பு நிதியாக வைக்கும்போது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் மட்டுமே வைப்புக் காப்பீடு உண்டு என்பதால் இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது முறை.

வரியில் ஒப்பந்தப் பணியாளருக்குச் சாதகமான ஏற்பாடு ஒன்று உண்டு. பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை முதலிய குறிப்பிட்ட தொழில்களில் இருப்போர், மொத்த வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாதவர்களுக்கு 75 லட்சம் வரையிலும், அதில் பாதியையே வருமானமாகக் காட்டி வரி செலுத்தலாம். விரிவான கணக்குப் புத்தகங்கள் தேவையில்லை, முன்வரியையும் நான்கு தவணைகளுக்குப் பதிலாக மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். சேவைத் தொழில்களுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் சரக்கு, சேவை வரிப் பதிவு கட்டாயம். வேலையை முடித்துக் கொடுத்தும் பணம் வராமல் இழுபடுவதே இத்தொழிலின் பெரிய துயரம். அதற்குத் தற்காப்பாக, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்தில் செய்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரத் தவறுபவர், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டியிருக்கும். விலைப்பட்டியலின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புவது நல்ல பழக்கம்.

வீட்டில் பேச வேண்டியது

தமிழ்க் குடும்பங்களில் கணவர் வேலையை விடுவதோ குறைப்பதோ அவர் ஒருவருடைய முடிவாக இருக்க முடியாது. பெற்றோர், மனைவி, மாமனார் வீடு என்று எல்லோருடைய மதிப்பும் அச்சமும் அதில் கலந்திருக்கின்றன. பெரியவர்களின் அச்சத்தைப் பிற்போக்கு என்று தள்ளுவது நியாயமன்று. மாதச் சம்பளம் ஒன்றே குடும்பத்தைக் கரையேற்றியதைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தத்துவத்தைவிட, ஓராண்டுச் செலவு வங்கியில் இருப்பதும் காப்பீடு எடுத்திருப்பதும் ஆறுதல் தரும்.

மரியந்தாலில் பெண்களின் நடை நிற்கவில்லை என்ற உண்மையை ஆண்கள் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஆணுக்கு மதியச் சாப்பாடும் நான்கு மணிக் காப்பியும் வேறொருவரின் உழைப்பால் வருமாயின், அது அவருக்கு ஓய்வு, மனைவிக்குக் கூடுதல் பணி. நெகிழ்வான வேலையால் மிஞ்சும் நேரத்தில் எவ்வளவு சமையலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பெற்றோரின் மருத்துவமனைப் பயணத்துக்கும் போகும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாத திட்டம் முழுமையானதன்று. மாறாக, மனைவி நெகிழ்வான பணிக்கு மாறும்போது வீட்டு வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்துவிடாமல் காப்பதும் அதே பேச்சின் பகுதி.

சோதனையும் திரும்பி வரும் வழியும்

எந்த மாற்றத்தையும் வேலையை விடாமலே ஆறு மாதம் ஒத்திகை பார்க்க முடியும். ஒன்று, வருங்காலத்தில் எதிர்பார்க்கும் குறைந்த வருமானத்தில் இப்போதே வாழ்ந்து, மீதிச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போடுவது. மூன்றாம் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் ஐந்தாம் மாதத்தில் ஒரு கல்யாணமும் வரும்போதுதான் 60,000 என்று எழுதிய மாதச் செலவு உண்மையா என்பது தெரியும். மற்றொன்று, பணி ஒப்பந்தம் அனுமதிக்குமா என்று பார்த்துக்கொண்டு, புதிய பணியைச் சிறிய அளவில் தொடங்கி, உறவினரோ நண்பரோ அல்லாத ஒருவரிடமிருந்து முதல் கட்டணத்தைப் பெறுவது. உடலை வருத்தும் தொழிலில் இருப்போர்க்கும், நோயுற்றோர்க்கும், கடன் சுமையில் இருப்போர்க்கும் இந்த ஒத்திகை பொருந்தாது. முதல் இருவருக்கு ஓய்வோ இலகுவான வேலையோ உடனடித் தேவை, மூன்றாமவருக்குக் கடன் தீரும்வரை நிலையான சம்பளம் தேவை.

மாறியபின் ஆண்டுக்கு ஒருமுறை, முன்வரி கட்டும் மார்ச் மாதத்திலேயே, மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: அவ்வாண்டின் வருமானம் செலவில் எத்தனை விழுக்காட்டைத் தாங்கியது, தொடாமல் வைத்திருக்க வேண்டிய சேமிப்பில் கை வைக்க நேர்ந்ததா, மொத்த வருமானத்தில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு. மூன்றாவது எண் பாதிக்கு மேல் போனால் புதிய வாடிக்கையாளரைத் தேடும் வேலையை உடனே தொடங்க வேண்டும். சேமிப்பில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கை வைக்க நேர்ந்தால், முழுநேர வேலைக்குத் திரும்புவதற்கான முயற்சியை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எடுப்பது நல்லது; அதற்காகவே பழைய துறையின் சான்றிதழ்களைப் புதுப்பித்து வைப்பதையும், முன்னாள் மேலாளர்கள் இருவரோடாவது தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்வதையும் மாற்றத்தின் முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.